சனிக்கிழமை ரம்மும் நகராத முள்ளும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைப் போன ஆண்டிலிருந்து படித்துவருகிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மனைவி இந்த மொரீஷியஸ் தீவுத் தமிழ்ப் பெண். ரோஸ் ஹில்லில் குடியிருக்கிறோம், எபேனில் கணக்கு வேலை. வயது 41.

காவடி விரதம் தொடங்கியபோது 84 கிலோ இருந்தேன். பத்து நாளில் 2 கிலோ குறைந்தது. அந்த உற்சாகத்தில் இரவுச் சோற்றை விட்டேன், தினமும் நடந்தேன். ஏப்ரல் முடிவில் 79. அதோடு நின்றுவிட்டது. இரண்டரை மாதமாக எடை முள் அசையவே இல்லை.

குடிப்பது வார இறுதியில் மட்டும்தான். வெள்ளி மாலை அலுவலக நண்பர்களோடு சின்ன ஃபீனிக்ஸ் பீர் இரண்டு. சனி இரவு மச்சான் வீட்டில் ரம்மும் கோக்கும், நாலு ரவுண்டு. ஞாயிறு ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரையில் பெரிய பீர் இரண்டு. ரம்மில் கார்ப் இல்லை என்கிறார்கள். பீரை நிறுத்திவிட்டு ரம் மட்டும் வைத்துக்கொண்டால் சரியாகுமா? சனிக்கிழமை கலோரியை ஈடுகட்ட மதியமும் இரவும் சாப்பிடாமல் இருக்கிறேன், அது போதாதா? விரதத்தில் குறைந்ததைப் பார்த்தால் முழுச் சைவத்துக்கு மாறிவிடலாமா?

என் காலி வயிற்று யோசனையை மச்சானின் அண்ணனும் பிடித்துக்கொண்டார். அவர் சுகருக்குக் கிளிக்ளசைடு மாத்திரை போடுகிறவர், அவருக்கும் தொப்பை குறையவேண்டும். குடியை விட்டுவிடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை வீட்டில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லமாட்டேன். உங்கள் மனைவியின் வேலையை நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதனால் கணக்கிலிருந்தே தொடங்கலாம். காத்ர் போர்னில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் காலை இட்லியை எண்ணிச் சொல்வார்கள், மதியச் சோற்றைக் கரண்டிக் கணக்கில் சொல்வார்கள். கண்ணாடி டம்ளர் என்று வந்ததும் ‘ரெண்டு மூணு’ ஆகிவிடும். நீங்களாவது நாலு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ரம்மில் கார்ப் இல்லை என்பது உண்மைதான். வெறும் ரம்மில் மாவுச்சத்து கிடையாது. (வெனிலா, லிச்சி போட்டு வீட்டில் ஊறவைக்கும் ரம் வேறு விஷயம், அதில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.) ஆனால் ஆல்கஹாலுக்கே கலோரி உண்டு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஆல்கஹால் 7. கொழுப்புக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

உங்கள் மச்சான் அளவுக் கோப்பை வைத்து ஊற்றுகிறவராக எனக்குத் தோன்றவில்லை. கையால் ஊற்றினால் ஒரு ரவுண்டு 60 மில்லிக்குக் குறையாது. 40 சதவீத ரம்மில் அது 24 மில்லி ஆல்கஹால், எடையில் 19 கிராம், கலோரியில் 130 சொச்சம். நாலு ரவுண்டுக்கு 530. ரவுண்டுக்கு 200 மில்லி கோக் என்றால் மொத்தம் 800 மில்லி, அது இன்னொரு 330 கலோரி. சனி இரவு மட்டும் 860. ஐந்து சதவீத பீர் 330 மில்லி பாட்டில் ஒன்று ஏறக்குறைய 140, ஆக வெள்ளிக்கிழமை 280. பெரிய பாட்டில் இரண்டுக்குச் சுமார் 550. கூட்டிப் பாருங்கள், வார இறுதியில் டம்ளர் வழியாக மட்டும் 1,700 கலோரி வருகிறது. இரவுச் சோற்றை விட்டதிலும் நடையிலும் நாளுக்கு 400 மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், திங்கள் முதல் வெள்ளி வரை சேர்ந்தது 2,000. மீதி 300-ஐ இரண்டு கை வறுத்த நிலக்கடலை முடித்துவிடும். முள் நின்ற இடம் இதுதான்.

ஆகவே பீருக்குப் பதில் ரம் என்ற மாற்றத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சின்ன பீர் 140, உங்கள் வீட்டு ரவுண்டு கோக் இல்லாமலே 130. பீருக்கு ஒரு சௌகரியமும் உண்டு: பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அச்சிட்டிருக்கும், வயிறும் சீக்கிரம் நிரம்பும். பாட்டிலைத் திருப்பிச் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூ மார்லின் 6 சதவீதம், ஃபீனிக்ஸ் 5.

கோக்கைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை, அரசாங்கமே சொல்லிவிட்டது. 2013 முதல் இங்கே குளிர்பானத்தில் இருக்கும் சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போடுகிறார்கள். கரும்பை நம்பிப் பிழைத்த தீவு சர்க்கரைக்கே வரி போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்.

இனி கலோரி எண்ணிக்கையில் தெரியாத சங்கதி. மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேர்த்துவைக்க உடம்பில் இடம் உண்டு, ஆல்கஹாலுக்குக் கிடையாது. உள்ளே வந்தால் எரித்துத்தான் தீர்க்கவேண்டும், அதுவும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். அது தீரும்வரை கொழுப்பு எரிவது மந்தமாகிவிடும். 1992-இல் சுவிட்சர்லாந்தில் ஆரோக்கியமான ஆண்களை மூச்சுக்காற்றை அளக்கும் அறைக்குள் நாள் முழுக்க இருக்கவைத்துப் பார்த்தார்கள். அன்றைய கலோரியில் கால் பங்கை ஆல்கஹாலாகக் கொடுத்தபோது, அந்த நாளில் எரிந்த கொழுப்பு மூன்றில் ஒரு பங்குபோலக் குறைந்தது. வேறு உணவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஆல்கஹாலைக் கொடுத்தபோதும் இதேதான் நடந்தது. குடித்த ரம் நேராகக் கொழுப்பாக மாறுவது மிகக் கொஞ்சம். அதோடு தின்ற பொரியலின் எண்ணெய்தான் எரிய வழியில்லாமல் இடுப்பில் தங்குகிறது.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் தீர்க்கும். உங்கள் சனிக்கிழமை 76 கிராம். இரவு எட்டுக்குத் தொடங்கினால் காலை ஐந்து, ஆறு வரை அதற்கு வேறு வேலை ஓடாது. ஞாயிறு காலை கடற்கரைக்குக் காரை ஓட்டுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால், சனிக்கிழமை எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது கேள்வி சாப்பாட்டை விடுவது. மூன்றில் இதுதான் எனக்குப் பிடிக்காதது. மதியம் பட்டினி, இரவு பட்டினி, எட்டு மணிக்கு ரம். காலி வயிற்றில் ஆல்கஹால் சட்டென்று ரத்தத்தில் ஏறும். ஏறியபின் உங்கள் உறுதியெல்லாம் இரண்டாவது ரவுண்டோடு போய்விடும். குடி பசியைக் கிளப்பும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீங்கள் விட்டது இரண்டு சப்பாத்தியும் பருப்பும். அதற்குப் பதிலாக உள்ளே போவது எது? கடிதத்தில் ரம் உண்டு, கோக் உண்டு, கஜாக் பற்றி, அதாவது குடியோடு கொறிக்கும் தீனியைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. இந்த ஊரில் கஜாக் இல்லாமல் யாராவது பாட்டிலைத் திறந்து நான் பார்த்ததில்லை. மேசைக்குக் கத்தோ பிமா தட்டு தட்டாக வரும். அளவில் சிறிய பருப்பு வடைதானே, ஒன்று என்ன செய்துவிடும் என்று பத்து போய்விடும். அப்புறம் சமோசா, பொரித்த உப்பு மீன், மரவள்ளி வறுவல், நிலக்கடலை. கடலை 100 கிராமுக்கு 600 கலோரிக்கு அருகில்.

இந்தத் தீவில் எண்ணெய்க்கு ஒரு கதை உண்டு. 1987-இல் ஆரோக்கியக் கணக்கெடுப்பு நடத்திய பிறகு, ரேஷனில் கொடுத்துவந்த எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992-இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் நன்றாகவே குறைந்திருந்தது. பொது சுகாதாரக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் விஷயம் இது. எடைக்கு மட்டும் அதனால் லாபமில்லை. பாமாயிலோ சோயாவோ, கிராமுக்கு 9 கலோரிதான்.

சைவம் பற்றி. காவடி விரதத்தில் நீங்கள் கறியை மட்டுமா விட்டீர்கள்? கொடியேற்றத்திலிருந்து தைப்பூசம் வரை ரம் இல்லை, அதனால் கோக் இல்லை, கஜாக் இல்லை, நள்ளிரவுச் சாப்பாடு இல்லை. பத்து நாளில் போன 2 கிலோவில் ஒரு பங்கு வெறும் தண்ணீர், அதுவும் எல்லாருக்கும் நடப்பது. சைவத்தினாலேயே இளைக்கும் என்று நினைத்தால், காவடி முடிந்து ஏழு கறி இலையில் உட்கார்ந்து எழுந்தவர்களைக் கேளுங்கள். சைவம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக மாறுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு அப்படியே இருந்தால் முள்ளும் அப்படியேதான் இருக்கும்.

சரி, குடியை விடாமல் என்ன செய்யலாம்? மூன்று நாளில் எந்த நாள் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்று யோசியுங்கள். என் ஊகம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பீர் அலுவலகப் பழக்கம், சோடாவும் எலுமிச்சையும் கையில் இருந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஞாயிறு கடற்கரைக்கு பீர் கட்டாயமில்லை, கடல் இருக்கிறது. சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏழு மணிக்கே வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்: கொஞ்சம் சோறு, பருப்பு, மீன் குழம்பு, கீரை. குழந்தை மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மச்சான் சிரிப்பார், சிரிக்கட்டும். 30 மில்லி ரம், சோடா, எலுமிச்சை என்றால் 66 கலோரி. அப்படி இரண்டு, அதிகம் போனால் மூன்று. டயட் கோக் கலோரியைக் குறைக்கும், ஆனால் சர்க்கரை இல்லாத பானத்தோடு ஆல்கஹால் இன்னும் வேகமாக ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு குடியுங்கள். கஜாக்குக்கு வேகவைத்த கடலை, சுட்ட மீன், மிளகாயும் உப்பும் போட்ட அன்னாசி, வெள்ளரி சாலட். சீனர் கடையில் ஆவியில் வேகவைத்த புலேத் உருண்டை கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

இப்படிச் செய்தால் 1,700 என்பது 200 ஆகிவிடும். எடையை வியாழக்கிழமை காலையில் மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை எடையில் உப்புக் கஜாக் பிடித்துவைத்த தண்ணீரும் குடியால் வெளியேறிய தண்ணீரும் மாறிமாறிக் குழப்பும். புரட்டாசி செப்டம்பர் நடுவில் வருகிறது. உங்கள் மாமனார் வீட்டில் அந்த மாதம் பாட்டிலே திறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாதம் முள் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எடை ஒருபக்கம் இருக்கட்டும். இப்போது நீங்கள் குடிப்பது வாரத்துக்கு 150 கிராம் ஆல்கஹாலுக்கு மேல். பிரிட்டனில் 2016-இல் வகுத்த வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரம் 14 யூனிட், அதாவது 112 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் கல்லீரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். கல்லீரலில் கொழுப்பு என்று வந்தால் மேலே சொன்ன ரவுண்டுக் கணக்கை மறந்துவிட்டு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: தினமும் அதிகமாகக் குடிக்கிறவர்கள் ஒரே நாளில் சட்டென்று நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

கடைசியாக மச்சானின் அண்ணன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி அதுதான். கிளிக்ளசைடு கணையத்திலிருந்து இன்சுலினைத் தள்ளிவிடும் மாத்திரை. சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல், அதுவோ ரம்மைத் தீர்க்கும் வேலையில் இருக்கிறது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழலாம், அதுவும் தூக்கத்திலோ மறுநாள் காலையிலோ. வியர்வை, தள்ளாட்டம், குளறல் எல்லாம் போதை போலவே இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் ‘தூங்கட்டும், தெளிஞ்சிடும்’ என்று விட்டுவிடுவார்கள். யோசனை உங்களுடையது என்பதால் நீங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: காலி வயிற்றில் ஒரு ரவுண்டுகூடக் கூடாது, மாத்திரையும் குடியும் பற்றி அவருடைய மருத்துவரிடம் மறைக்காமல் பேசவேண்டும். அவர் அப்படித் தடுமாறினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ சாதாரணக் கோக்கோ கொடுங்கள், நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே போன் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா