மதுரையிலிருந்து தென்கடலோரம்: ஐந்து நாள்களை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 72 வயது மாமியார் ஆகியோருடன் வாடகைக் காரில் ஐந்து நாள் சுற்றுலா செல்ல விரும்புகிறோம். இராமேசுவரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, திருவனந்தபுரம், குற்றாலம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இத்தனையும் முடியுமா? இல்லையென்றால் மே மாதத்துக்குத் தள்ளிவைக்கலாமா? (வாசகி, திருநகர், மதுரை)

பதில்: ஆறு ஊர்களையும் ஐந்து நாளில் காரிலிருந்து பார்த்துவிட முடியும், ஆனால் உங்கள் மாமியாரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அப்படி ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலிலிருந்து திருவனந்தபுரத்தையும் குற்றாலத்தையும் முதலில் எடுத்துவிடுங்கள். குற்றாலத்துக்கு உரிய காலம் தென்மேற்குப் பருவமழையில் சாரல் விழும் ஆனியும் ஆடியும்தான். மே மாதத்தில் பெரும்பாலும் அருவி வறண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் திடீரென வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மதுரையிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய ஊர் என்பதால், அதைச் சீசனில் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

மே மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். அக்கினி நட்சத்திர வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலுடன் நடக்க முதியவர்களால் இயலாது. அதைவிட முக்கியமானது, ஏப்ரல், மே மாதங்களில் குமரிக் கடலோரத்தில் ஏற்படும் கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்களால் எழும் நீண்ட அலைகள், நம் கரையில் காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் முன்னறிகுறியின்றி ஏறிவருவதையே அப்படிச் சொல்கிறார்கள். 2024 மே மாதத்தில் நாகர்கோவிலை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள்.

டிசம்பர் இறுதியும் குறையில்லாத காலமல்ல. வடகிழக்குப் பருவமழை அப்போது முற்றிலும் ஓய்ந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரியும் திருச்செந்தூரும் நிரம்பி வழிவதும் இதே நாள்களில்தான். ஆகவே தங்கும் அறைகளை இப்போதே பதிவு செய்யுங்கள். ஆனால் கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளாகப் பாருங்கள். பாம்பனிலோ தூத்துக்குடியிலோ புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள், கன்னியாகுமரியில் படகும் ஓடாது என்று எடுத்துக்கொண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவு.

இந்தக் கடலோரப் பயணத்துக்கு நான் சொல்லும் முதன்மையான விதி, கடலைக் காலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொண்டு, நடுப்பகலைக் கார்ப் பயணத்துக்கோ ஓய்வுக்கோ ஒதுக்குவதுதான். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மணலும் அப்போது கால் வைக்க முடியாதபடி சுடும். ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வகுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் உச்சிவேளையில் பூட்டிய கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றன.

முதல் நாள் காலையில் புறப்பட்டால் ஏறத்தாழ 170 கி.மீ. கடந்து, மதியத்துக்கு முன் இராமேசுவரத்தில் இருப்பீர்கள். சாப்பிட்டு ஓய்வெடுத்து, மூன்று மணிக்குத் தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால் மாமியார் அதிகம் நடக்க வேண்டியிருக்காது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் வழியிலேயே இருக்கின்றன. அங்கே கடலில் இறங்கவே கூடாது. சாலையின் ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை. மீனவர்கள் முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் தென்புறம் கொந்தளிக்கும். நீங்கள் போகும் வாடைக்காற்றுக் காலத்தில் வழக்கமாக அமைதியாகக் கிடக்கும் வடபுறமும் கலங்கி அலையடிக்கும். முனையில் இரண்டும் சேரும் இடத்து நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

இரண்டாம் நாள் விடியலில் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களை முடித்துக்கொள்ளுங்கள். தீர்த்தக் கிணறுகளைச் சுற்றியுள்ள கல்தளம் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் வழுக்கும். கூட்டமும் நெருக்கும். முழங்கால் வலியுள்ளவர் 22 கிணறுகளுக்கும் நடக்க வேண்டியதில்லை. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, பிரகாரத்தில் அமர்ந்திருந்து, பிறகு எல்லோரோடும் தரிசனத்துக்கு வரட்டும். ஈர உடையுடன் சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுடைப் பை கையில் இருக்க வேண்டும். நாள் குறிக்கும்போது அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். அதேபோல் மார்கழித் திருவாதிரை எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பில் இருக்கும் உத்தரகோசமங்கை மரகத நடராசரை அந்த ஒரு நாளில்தான் காப்புக் களைந்து காணலாம் என்பதால், இராமநாதபுரத்துச் சாலைகள் திணறும். அந்தத் தரிசனத்துக்காகவே போவதென்றால் அது வேறு பயணம்.

பத்து மணி வாக்கில் புறப்பட்டு, இராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடியைக் கடந்து மாலைக்குள் திருச்செந்தூரை அடையலாம். பனையும் உப்பளமுமாகச் செல்லும் இந்தப் பாதையில் நல்ல உணவகங்கள் குறைவு. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் இருக்காது என்பதால், வெள்ளைக் குவியல்களைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். மார்கழியில் திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்திய பாதயாத்திரை பக்தர்கள் சாலையோரத்தில் கூட்டங்கூட்டமாக நடப்பார்கள்; இருட்டிய பிறகு அந்தச் சாலையில் வேகம் ஆகாது என்று ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.

திருச்செந்தூரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். பலர் ஒரு மணி நேர தரிசனத்தோடு இந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள்; ஆனால் கடலும் உள்நாடும் இவ்வளவு அருகருகே வேறெங்கும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாம் நாள் காலையில் முருகனைத் தரிசித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் ஆழ்வார்திருநகரிக்குப் போனால் நம்மாழ்வார் வீற்றிருந்த திருப்புளி என்னும் புளியமரத்தைக் காணலாம். ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தான், தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகளை எடுக்காமல் அப்படியே வைத்து, மேலே கண்ணாடி போட்டு நடக்கவிட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் இருக்க முடியாது. மதியம் அறைக்குத் திரும்பி உறங்கிவிட்டு, நான்கு மணிக்குக் குதிரைமொழித் தேரிக்குச் செல்லுங்கள். இரும்பு ஆக்சைடு படிந்து செந்நிறமான மணலைக் காற்று மேடுமேடாகக் குவித்த நிலம் அது. மேலே மணல் நெருப்பாய்க் காய்ந்தாலும், உள்ளே மழைநீரைப் பிடித்து வைத்திருப்பதால் பனையும் முந்திரியும் செழிக்கின்றன. தேரி ஓரத்தில் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை ஒட்டிச் சுனையே இருக்கிறது. கையளவு மணலை அள்ளிப் பார்த்தால் மாவு போல விரலிடுக்கில் வழியும், உள்ளங்கையில் செம்மை ஒட்டிக்கொள்ளும். திசை குழம்பும் இடம் என்பதால் சாலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்ட வேண்டாம். அங்கிருந்து உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் மணப்பாடு மணற்குன்றில் நின்றால், திருச்சிலுவைக் கோயிலையும் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையையும் காணலாம்.

நான்காம் நாள் அதிகாலையில் கிளம்பி, நேரே பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றுவிடுங்கள். மர வேலைப்பாட்டால் உள்ளே உச்சிவேளையிலும் குளிர்ச்சி இருக்கும். படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருப்பதால் மாமியார் கீழ்த்தளத்தோடு நிற்கட்டும். திங்கட்கிழமை விடுமுறை. மாலையில் கன்னியாகுமரி. மார்கழியில் சூரியன் தென்மேற்கே இறங்குவதால் உதயம், மறைவு இரண்டையும் கடலிலேயே பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்கு ஐந்தாம் நாள் காலை முதல் படகுகளிலேயே போய்விடுங்கள். தாமதித்தால் வரிசை மணிக்கணக்கில் நீளும். பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டதிலிருந்து கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது.

பதினொரு மணிக்குள் கன்னியாகுமரியை விட்டால், கோவில்பட்டியில் நான்குவழிச் சாலையிலிருந்து விலகி, மூன்று மணிக்குக் கழுகுமலையில் இருக்கலாம். பாண்டியர்கள் மலையை மேலிருந்து குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் பாறையில் ஏற வேண்டும்; நீங்களும் பிள்ளைகளும் ஏறிவருவதற்குள், மாமியார் அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலில் மாலை நடை திறக்கக் காத்திருந்து தரிசிக்கலாம். ஐந்தரைக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திருநகர் வந்துவிடலாம்.