மாமியாரை அழைத்துப் போங்கள், பெய்ஜிங்கை விட்டுவிடுங்கள்

கேள்வி: வரும் மே விடுமுறையில் சீனா போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 14 வயதுப் பெண், 8 வயதுப் பையன். மாமியாருக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, முட்டைகூடத் தொடாத சைவம். வாழ்நாள் முழுக்க வயலைப் பார்த்துக்கொண்டவர். காசியைத் தாண்டிப் போனதில்லை. 8 நாளில் பெய்ஜிங், சியான், ஷாங்காய், குய்லின் நான்கையும் காட்டுவதாக டிராவல்ஸில் சொல்கிறார்கள். பெண்ணுக்கோ, போட்டோவில் பார்த்த குய்லின் ஆறும் மலையும் மட்டும் போதுமாம். "அம்மாவால் முடியாது, அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம்" என்கிறார் கணவர். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பெண் சொல்வதைக் கேளுங்கள். பெய்ஜிங், சியான், ஷாங்காய் மூன்றையும் அடித்துவிடுங்கள். அந்த 8 நாளையும் குய்லின் பக்கத்துக்கே கொடுத்துவிட்டால், அத்தையை எங்கே விடுவது என்ற கேள்வியில் பாதி தானாகவே போய்விடும்.

பெய்ஜிங்கிலிருந்து குய்லினுக்கு அதிவேக ரயிலில் போனாலே ஒரு பகல் கழிந்துவிடும். விமானம் என்றாலும் கிளம்பி, காத்திருந்து, இறங்கி, ஓட்டலுக்குப் போய்ச் சேருவதற்குள் அதே கதைதான். நான்கு ஊர், எட்டு நாள் என்றால் மூன்று நாள் பெட்டி கட்டுவதிலேயே போகும். அந்த வேகத்துக்கு அத்தையால் முடியாது என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் பையனாலும் முடியாது. இப்படிப்பட்ட மலிவான திட்டங்களில் கடைகளும் ஒளிந்திருக்கும். நாங்கள் போனபோது ஒரு முழுக் காலை முத்துக்கடையில் கழிந்தது. கட்டாயப்படுத்திக் கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று சீனாவில் 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் "ஷாப்பிங் நிறுத்தம் எத்தனை?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து அத்தை. அவரால் என்ன முடியும் என்பதை அவரிடம் கேட்காமலே வீட்டில் முடிவெடுத்திருக்கிறீர்கள். கேளுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஐந்து பேரில் அந்த ஊரை நன்றாகப் புரிந்துகொள்ளப் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

குய்லினிலிருந்து சாலை வழியே இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் லோங்ஜி என்ற மலைப்பகுதி வரும். 'டிராகனின் முதுகெலும்பு' என்று பொருள். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மலையை வெட்டி வெட்டி நெல்வயலாக்கியிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரில் தொடங்கி 1,100 மீட்டர் வரை வயல்கள். யுவான் வம்சக் காலத்தில் (13, 14-ம் நூற்றாண்டு) ஆரம்பித்து, சிங் வம்சத்தின் தொடக்கம் (17-ம் நூற்றாண்டு) வரை சில நூறு வருடம் பரம்பரை பரம்பரையாக வெட்டியது. வெட்டியவர்கள் ஜுவாங், யாவ் என்ற இன மக்கள். இன்றும் அவர்கள் ஊர்தான். சில வயல்கள் நம் வீட்டுத் திண்ணை அகலம்கூட இருக்காது. "தவளை ஒரு தாவு தாவினால் மூன்று வயல்" என்று அவர்களே சொல்வார்கள். ஒரு கதையும் உண்டு. 206 வயலையும் இன்றைக்கே உழுது முடி என்று பண்ணையார் ஒரு குடியானவரிடம் சொன்னாராம். உழுதுவிட்டு எண்ணினால் 205-தான் வருகிறது. திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று தரையில் கிடந்த மழைக்கோட்டை எடுத்தால், அடியில் இருந்ததாம் 206-வது வயல். வைக்கோல் மாதிரி ஓலையில் பின்னிய அந்தக் காலத்து மழைக்கோட்டு.

நான் போனது அறுவடைச் சமயம். ஒரு வீட்டுக்காரரும் அவர் மனைவியும் நான்கு பக்கமும் பலகை அடைத்த பெரிய மரத்தொட்டி ஒன்றை வயலுக்குள்ளேயே இறக்கி வைத்து, அறுத்த அரியை அதன் உள்விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். நெல் தொட்டிக்குள் விழுகிறது. நமக்குக் கதிர் களத்துக்கு வரும். களம் போட இடமில்லாத அந்த மலையில் களமே வயலுக்கு வருகிறது. அது என்னவென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உங்கள் அத்தையாக இருந்தால் பார்த்தவுடனே சொல்லியிருப்பார், தூற்றுவது எப்படி என்று அடுத்த கேள்வியும் கேட்டிருப்பார்.

நீங்கள் மே மாதம் போவதில் ஒரு நல்லது இருக்கிறது. மே பாதிக்கு மேல் ஜூன் வரை அங்கே வயலுக்குத் தண்ணீர் விட்டு நடவு நடக்கும் காலம். மலை முழுக்கக் கண்ணாடித் துண்டு அடுக்கினாற்போல் வானம் தெரியும். ஆனால் மே முதல் வாரம் வேண்டவே வேண்டாம். மே 1-லிருந்து அவர்களுக்குத் தொழிலாளர் தின விடுமுறை, ஊரே கிளம்பிவிடும். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையும் அப்படித்தான். தெரியாமல் அதில் போய் மாட்டிக்கொண்டு, லோங்ஜியில் வயலைவிடத் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன். மே 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மழை இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மே, ஜூன் அங்கே மழைக்காலத்தின் உச்சம். 2024 ஜூனில் குய்லினில் பெரிய வெள்ளமே வந்தது, ரயில் நிலையத்தைச் சில நாள் மூடினார்கள். ஜூனுக்குத் தள்ளாமல் மே கடைசிக்குள் திரும்பிவிடுங்கள். தூறல் மட்டும் என்றால் கவலையே படாதீர்கள், மலை இடுக்கில் மேகம் இறங்கி நிற்கும் அழகு வெயில் நாளில் கிடைக்காது.

சரி, முழங்கால். லோங்ஜியில் பிங்கான், தாஜாய் என்று இரண்டு பக்கம் போகலாம். பிங்கானில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கே கல்படி ஏற வேண்டும். தாஜாயில் உச்சிக்குக் கேபிள் கார் இருக்கிறது. நீங்கள் தாஜாய். தங்கும் இடத்தை பதிவு செய்யும்போது "வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி?" என்று கேளுங்கள். "பக்கம்தான்" என்ற பதிலை நம்பாதீர்கள். மலைக்காரர்களுக்கு எல்லாமே பக்கம்தான். பெரிய பெட்டிகளைக் குய்லின் ஓட்டலிலேயே வைத்துவிட்டு, இரண்டு நாள் துணியோடு ஏறுங்கள். முதுகுக்கூடையில் பெட்டி சுமக்கும் பெண்கள் கூலிக்கு வருவார்கள், பேரம் முதலிலேயே பேசிவிடுங்கள். விடுதிகள் மரவீடுகள், மாடி அறையில் நடந்தால் கீழே இருப்பவருக்குத் தூக்கம் போகும், லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. கீழ்த்தளத்து அறை கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று யாரும் சொல்ல மாட்டார்கள்: கழிப்பறை. அறைக்குள் மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கும். வழியில் உள்ள பொதுக் கழிப்பறைகளில் பெரும்பாலும் குந்தி உட்காரும் வகைதான். முழங்கால் வலிக்காரருக்கு மலையைவிட அதுதான் சோதனை. இடம் விட்டுக் கிளம்பும் முன் போய்விட்டுக் கிளம்புவது, பிடித்துக்கொள்ள ஒருவர் கூடப் போவது, பையில் டிஷ்யூ, இவ்வளவும் பழக்கமாகட்டும்.

ஆற்றுப் பயணத்தில் அத்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. குய்லினிலிருந்து யாங்ஷுவோ என்ற ஊர் வரைக்கும் லி ஆற்றில் 83 கிலோமீட்டர். அதில் கப்பல் பயணம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இருக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு, வேண்டுமானால் மொட்டைத் தளத்தில் நிற்கலாம். பாஸ்போர்ட் எல்லோருக்கும் கையில் இருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் சுமாராகத்தான் இருக்கும், "இதுக்கா வந்தோம்" என்று உங்கள் கணவர் கேட்பார். வழியில் யாங்தி என்ற ஊரைத் தாண்டியதும் பேச மாட்டார். அங்கிருந்து ஷிங்பிங் வரைக்கும்தான் உங்கள் பெண் போட்டோவில் பார்த்தது. மழைத் தண்ணீர் கோடிக்கணக்கான வருடம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து விட்டுவைத்த மிச்சம்தான் அந்தக் குன்றுகள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். வழியில் ஒன்பது குதிரைப் பாறை வரும். பாறைச் சுவரின் கறைகளில் ஒன்பது குதிரையையும் கண்டுபிடிப்பவன் அரசாங்கத் தேர்வில் முதலாவதாக வருவான் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களாம். பையனிடம் சொல்லி வையுங்கள், அரை மணி நேரம் தொந்தரவு இருக்காது. எனக்கு நான்குதான் தெரிந்தது. அந்த நான்கிலும் ஒன்று மாடு மாதிரி இருந்தது.

பெண் பார்த்த போட்டோவில் மூங்கில் தெப்பம், விளக்கு, மீன் பிடித்துக் கொடுக்கும் நீர்க்காகம், வெள்ளைத்தாடித் தாத்தா எல்லாம் இருந்திருக்குமே? அந்தத் தாத்தாக்கள் இப்போது போட்டோவுக்கு நிற்பதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நேரில் பார்த்து அவள் ஏமாந்துபோகாமல் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

யாங்ஷுவோவில் குறைந்தது மூன்று இரவு. மேற்கு வீதி என்று சுற்றுலாக்காரர்கள் குவியும் தெரு ஒன்று இருக்கிறது, ஒரு மாலை போதும், இரவெல்லாம் பாட்டுச் சத்தம். தங்குவதற்கு யூலோங் ஆற்றங்கரைக் கிராமம் ஏதாவது பாருங்கள். அந்தச் சின்ன ஆற்றில் துடுப்புக்குப் பதில் கழி ஊன்றித் தள்ளும் நிஜ மூங்கில் தெப்பம் ஓடுகிறது. ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர், பின்னால் படகோட்டி. தடுப்பணைகளில் தெப்பம் சறுக்கி இறங்கும்போது அதன் முன்பக்கம் முங்கி எழும், கால் நனையும். பையனுக்கு அதுதான் முழுப் பயணமும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வயதுக் கட்டுப்பாடு உண்டு, சீட்டு எடுக்கும்போதே அத்தையின் வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டால் கரையோரமாகவே பேட்டரி வண்டியில் போகலாம், காட்சி அதேதான்.

சாப்பாடு. இதில்தான் உங்களுக்கு வேலை. குய்லினின் பேர்போன அரிசி நூடுல்ஸ் பார்க்க நம் சேவை மாதிரி இருக்கும். வறுத்த கடலையும் ஊறுகாய் போட்ட காராமணிக்காயும் தூவி வரும். அடியில் இருப்பது எலும்பு ரசம். "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே ரசத்தை ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். சைவத்துக்குச் சீனத்தில் 'சூ' என்பார்கள். வாயால் சொல்வதை நம்பாமல், "இறைச்சி, மீன், முட்டை, எலும்பு ரசம், பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் எதுவும் கூடாது, தாவர எண்ணெய் மட்டும்" என்று சீனத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்து நேராகச் சமையல்காரரிடம் காட்டுங்கள். பூண்டு போட்டு வதக்கிய கீரை, கத்தரிக்காய், சீவிய உருளைக்கிழங்கு, டோஃபு, வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும். அந்த வட்டாரத்து லிப்பூ கிழங்கு நம் சேம்பு ஜாதிதான், நன்றாகவே இருக்கும். லோங்ஜியில் மூங்கில் குழாய்க்குள் அரிசி வைத்துச் சுட்டுத் தருவார்கள். கறி போடாதது கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் போக, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எப்படியும் உங்கள் பெட்டியில் ஏறும் என்று தெரியும். ஏறட்டும். பால் பொருள், நெய், பழம், விதை மட்டும் வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். சுடுதண்ணீர் ரயிலிலும் ஸ்டேஷனிலும் இலவசம், ஓட்டல் அறையில் கெட்டில் இருக்கும். ஒரு பிளாஸ்க் எடுத்துப் போனால் அத்தைக்குப் பாதி நிம்மதி.

விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகக் குவாங்சோ போய், அங்கிருந்து அதிவேக ரயில் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் குய்லின். 6 வயது நிறைந்து 14 நிறையாத குழந்தைகளுக்கு ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு. பெண்ணின் பிறந்தநாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது யாங்ஷுவோ ஸ்டேஷனில் ஏறுவதாக இருந்தால் ஒன்று கவனம்: பெயர்தான் யாங்ஷுவோ, ஸ்டேஷன் இருப்பது ஷிங்பிங் பக்கம், ஊரிலிருந்து 30 கிலோமீட்டர் போல.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் அங்கே வேலை செய்யாது. நம்மூர் சிம்மிலேயே ரோமிங் போட்டுக்கொண்டால் வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே இறக்கி வையுங்கள். கிளம்பும் முன் அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர் கார்டைச் சேர்த்துவிடுங்கள், இளநீர் விற்பவர்கூட போனைத்தான் நீட்டுவார்.

அதனாலேயே ஒரு 20 யுவான் நோட்டை மட்டும் ரொக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்ணால் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது ஷிங்பிங் பக்கத்து லி ஆறுதான். அந்த இடம் வந்ததும் நோட்டைத் தூக்கிப் பிடித்து மலையோடு பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு கூட்டமே நிற்கும். நோட்டை அத்தையின் சுருக்குப்பையில் போட்டு வையுங்கள், பையனிடம் கொடுத்தால் யாங்தி வருவதற்குள் ஐஸ்கிரீமாகிவிடும்.