ஆழ்கடலின் சுவடு

கேள்வி: ஆழ்கடல் நீரோட்டத்தை ஹீலியத்தைக் கொண்டு அறிவது எப்படி?

பதில்: பூமி உருவானபோதே அதன் உள்ளே சிறைப்பட்ட ஹீலியம்-3 (ஹீலியத்தின் இலேசான, அரிய வகை), கடலடி மலைத்தொடர்களின் வெந்நீர் ஊற்றுகள் வழியே இன்றும் கசிந்து வருகிறது. காற்றில் சுமார் 7 லட்சம் வழக்கமான ஹீலியம்-4 அணுக்களுக்கு ஒன்றுதான் ஹீலியம்-3. அம்மலைத்தொடர்களின் வாயுவிலோ அவ்விகிதம் ஏறத்தாழ 8 மடங்கு. எதனுடனும் வினைபுரியாமலும் உயிரினங்களுக்கு உணவாகாமலும் இருப்பதால், மேற்பரப்பை எட்டிக் காற்றில் கலக்கும்வரை இந்த அடையாளம் அழிவதில்லை, நீர்த்துப்போவதோடு சரி. ஆகவே அது பரவிச் செல்லும் தடமே நீரோட்டத்தின் தடம்; இதைவிட நேர்மையான சாட்சி ஆழ்கடலில் அரிது என்பேன். மாதிரி நீரைச் செம்புக் குழாயில் நிரப்பி, காற்றுக்குமிழி ஒன்றுகூட நுழையாதபடி இரு முனைகளையும் நசுக்கி மூடி, ஆய்வகத்தில் அளக்கிறார்கள். 1981இல் லப்டன், கிரெய்க் என்ற ஆய்வாளர்கள், கிழக்குப் பசிபிக் முகடு என்ற கடலடி மலைத்தொடரில் தெற்கு அட்சரேகை 15 பாகையில் தொடங்கி, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் மேற்கு நோக்கி 2,000 கிலோமீட்டர் நீளும் ஹீலியம்-3 தாரையை இவ்வாறே கண்டறிந்து அறிவித்தார்கள்.