பட்டறைப் பதில்கள்: கயிற்றின் பெயர் வைத்த கார்

போன இதழில் பிளைமவுத் என்ற பழைய அமெரிக்கக் காரைப் பற்றிப் போகிறபோக்கில் ரெண்டு வரி எழுதிவிட்டேன். அப்பா டிரைவராக இருந்த வண்டி, பாபநாசம் பக்கத்து மிராசுதார் ஒருவருடையது, 1951 மாடல் கிரான்புரூக் என்று. அவ்வளவுதான். டிராக்டர் கிளட்ச், பம்ப்செட் பேரிங் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அதையெல்லாம் விட்டுவிட்டு பிளைமவுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருவாரூர்): எங்கள் தாத்தாவின் கல்யாண போட்டோவில் ஒரு கார் நிற்கிறது. பானெட் மூக்கில் சின்னதாக ஒரு பாய்மரக் கப்பல். அது என்ன கார்? காருக்கு எதற்குக் கப்பல்?

பதில்: தம்பி, கப்பல் இருந்தால் அது பிளைமவுத்தான். 1620ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களை ஏற்றிச் சென்ற மேஃபிளவர் கப்பல் அது. அவர்கள் குடியேறிய இடத்தின் பெயர் பிளைமவுத். அந்த முன்னோர்களின் உறுதியை நினைத்து வைத்த பெயர் என்றுதான் கம்பெனி விளம்பரம் செய்தது.

ஆனால் உள்ளே நடந்ததாகச் சொல்லப்படும் கதை வேறு. எனக்குப் பிடித்ததும் அதுதான். 1928ல் ஃபோர்டுக்கும் செவர்லேவுக்கும் போட்டியாக விலை குறைந்த காரை இறக்கத் தயாராகிறார் கிறைஸ்லர் கார் கம்பெனி முதலாளி வால்டர் கிறைஸ்லர். பெயர் வைக்க அதிகாரிகளைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறார். ஜோ ஃபிரேசர் என்பவர் பிளைமவுத் என்கிறார். யாருக்கும் பிடிக்கவில்லை. பிளைமவுத் கயிறு கேள்விப்பட்டதில்லையா என்று ஃபிரேசர் கேட்கிறார். கிறைஸ்லர் கன்சாஸ் மாநிலத்துக்காரர், ரயில்வே பட்டறையில் கை கறுத்து மேலே வந்தவர். கோதுமையை அறுத்துக் கட்டும் மெஷினுக்கு அந்தக் கயிறுதான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயர் தெரியாத விவசாயியே அமெரிக்காவில் இல்லை, அதையே வையுங்கள் என்று முடித்துவிட்டாராம். மாசசூசெட்ஸில் 1824ல் தொடங்கிய கயிற்றுக் கம்பெனி அது.

நம் பக்கத்தில் வைக்கோலையே திரித்துப் பிரியாக்கி நெல்லுக்கட்டைக் கட்டிவிடுவோம், காசு கொடுத்துக் கயிறு வாங்குவதில்லை. இந்தக் கதையை நான் சொன்னபோது அப்பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நம்ம ஊர்ல செஞ்சிருந்தா பிரின்னு பேர் வச்சிருப்பானா?"

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி): என் பாட்டி எந்தக் காரைப் பார்த்தாலும் "பிளசர் வருது" என்பார். பிளைமவுத்தான் திரிந்து பிளசர் ஆயிற்றா?

பதில்: இல்லையம்மா. ஆங்கிலத்தில் உல்லாசம், சுகம் என்று பொருள்படும் பிளெஷர் என்ற சொல் அது. சரக்கு ஏற்றுவது லாரி, சம்பளம் வாங்குகிறவர்கள் போவது பஸ், சும்மா சுகத்துக்குப் போவது பிளசர். நடவுக்கு வருகிறவர்கள் வரப்பில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லும்போது கேட்டிருக்கிறேன். சரியான பெயர் என்றுதான் தோன்றியது.

கேள்வி (மளிகைக் கடைக்காரர், குத்தாலம்): அவ்வளவு பேர் வாங்கிய காரை ஏன் நிறுத்தினார்கள்? தரம் போய்விட்டதா?

பதில்: தரத்திலும் அடி வாங்கியது உண்டு. 1957ல் பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி தூக்கிய புது உருவத்தில் இறக்கி, திடீரென்று 1960 வந்துவிட்டது என்று விளம்பரம் போட்டார்கள். பார்க்க அழகுதான். துரு வேகமாக வந்தது, தண்ணீர் ஒழுகியது, வாங்கியவர்கள் திட்டினார்கள். ஆனால் அதனால் சாகவில்லை. பிளைமவுத்தைக் கொன்றது அதன் பங்காளிகள். இது என் கட்சி, மறுப்பவர்கள் எழுதலாம்.

கிறைஸ்லர் வீட்டில் நாலு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிறைஸ்லர், டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத். விலையில் எல்லாருக்கும் கீழே என்பதால் கடைக்குட்டி பிளைமவுத். 1929ல் அமெரிக்காவில் பணமுடை வந்து ஊரே காய்ந்தபோது, வீட்டைக் காப்பாற்றியது இந்தக் கடைக்குட்டிதான். 1930ல் மற்ற மூன்று பேரின் கடைகளிலும் பிளைமவுத்தை விற்கலாம் என்று உத்தரவு போட்டார்கள். அடுத்த வருஷமே விற்பனையில் ஃபோர்டு, செவர்லேவுக்கு அடுத்த மூன்றாவது இடம். 1932ல் மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று கிறைஸ்லரே விளம்பரத்தில் வந்து நின்றார். சரக்கில் நம்பிக்கை இல்லாதவன் அப்படிச் சொல்வானா? அந்த விலையில் ஆரம்பத்திலிருந்தே நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக் கொடுத்தவர்கள். ஃபோர்டு அதற்கு வந்தது 1939ல்.

அப்புறம் ஆரம்பித்தது பாகப்பிரிவினை. தனிக்கடை இல்லாத பிள்ளைக்குத் தனி முகமும் இல்லை. ஒரே உடம்புக்கு முன்பக்க ஜாலியை மாற்றிப் பெயரை மாற்றி விற்பது வழக்கமாகிவிட்டது. இது நம் ஊரிலேயே நடந்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிய டாட்ஜ் கிங்ஸ்வேயைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர்தான் டாட்ஜ், உடம்பு பிளைமவுத். டாட்ஜ்காரர் ஒருவரும் பிளைமவுத்காரர் ஒருவரும் எது உசத்தி என்று பட்டறை வாசலில் மணிக்கணக்கில் சண்டை போட்டதை நான் கேட்டிருக்கிறேன். உள்ளே ரெண்டுக்கும் ஒரே பிஸ்டனைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தோம்.

1960 மாடலில் டாட்ஜ் கடைகளிடமிருந்து பிளைமவுத்தைப் பிடுங்கிவிட்டு, ஈடாக டார்ட் என்று கிட்டத்தட்ட அதே விலையில் ஒரு காரைக் கொடுத்தார்கள். அண்ணன் தம்பி நிலத்தில் கிணறு வெட்டினால் என்ன ஆகும்? இங்கே ஊற்று வற்றும். அதே 1960 கடைசியில் டிசோட்டோவை மூடினார்கள். பிளைமவுத் நடுநடுவே நன்றாகத்தான் ஓடியது. 1968ல் ரோடு ரன்னர் என்று மலிவு விலையில் ஒரு முரட்டு வண்டி விட்டார்கள். கார்ட்டூன் பறவையின் பெயரையும் படத்தையும் போட, அந்தக் கார்ட்டூன் கம்பெனிக்குப் பணம் கட்டி உரிமை வாங்கினார்கள், அந்தப் பறவை மாதிரி கத்தும் ஹாரனும் வைத்தார்கள். இதையெல்லாம் யோசிக்க ஆள் இருந்த கம்பெனி, கடைசியில் நியான் என்ற ஒரே காரை ஒரே பெயரில் டாட்ஜ் கடையிலும் பிளைமவுத் கடையிலும் விற்றது. வாங்குகிறவன் எதற்காகப் பிளைமவுத்தைத் தேடிப் போவான்? 1998ல் ஜெர்மன் கம்பெனியோடு கிறைஸ்லர் சேர்ந்தது, 1999 நவம்பரில் நிறுத்துகிறோம் என்றார்கள், 2001 ஜூன் 28ல் இல்லினாய் மாநிலத்து பெல்விடியர் ஆலையில் கடைசி வண்டி வந்தது. அதுவும் ஒரு நியான்தான். பிறந்ததிலிருந்து 73 வருஷம். எனக்கும் இப்போது அதே வயதுதான் நடக்கிறது, அதனால் இந்தக் கணக்கு மறக்காது.

கேள்வி (வங்கி ஊழியர், வலங்கைமான்): உங்கள் அப்பா ஓட்டிய பிளைமவுத் மைலேஜ் என்ன கொடுத்தது?

பதில்: 3.6 லிட்டர் இஞ்சின், ஆறு சிலிண்டர், 97 குதிரை. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 15 மைல் கொடுத்த அன்றைக்கு அப்பா சிரித்த முகமாக வீட்டுக்கு வருவார். 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபின் மிராசுதார் வீட்டிலும் பெட்ரோல் கணக்கு பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கும்பகோணத்து டாக்சிக்காரர் ஒருவருக்கு வண்டி போயிற்று. அவர் பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சினை வைத்தார். அதன் சத்தத்தை அப்பா திண்ணையில் உட்கார்ந்தே கண்டுபிடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கேள்வி (விவசாயி, திருக்காட்டுப்பள்ளி): பெரியப்பா வைத்திருந்த 1952 பிளைமவுத் முப்பது வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுப்பதானாலும் நான் சொல்வதைச் செய்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

முதலில் செல்ஃப் போட்டுப் பார்க்கிற ஆசையை விடுங்கள். இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் மேலேயே ஆறு ஸ்பார்க் பிளக்கும் வரிசையாக இருக்கும். கழற்றிவிட்டு ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊற விடுங்கள். அப்புறம் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டினீர்கள். சுற்றுகிறதே என்று உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இந்த இஞ்சினில் வால்வெல்லாம் ஹெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டன் விட்டுக்கொடுத்தாலும் வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பிளாக்கின் இடதுபக்க முன்மூலையில், ஹெட்டுக்குக் கீழே ஒரு சின்ன மேடை இருக்கும். கரியைச் சுரண்டினால் நம்பர் தெரியும். பி 23 என்று ஆரம்பித்தால் அந்த மாடலோடு பிறந்த இஞ்சின். ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்து ஒரு டேப் எடுத்து ஹெட்டின் நீளத்தை அளங்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிற்றெரிச்சல். டெட்ராய்ட்டில் செய்த இஞ்சினுக்கு ஹெட் ஏறக்குறைய 23 அங்குலம். கனடாவில் செய்ததற்கு 25. பார்வைக்கு ரெண்டும் ஒன்று. இது தெரியாமல் நான் ஒரு முறை பம்பாய்க் கடை ஒன்றுக்கு முழுப் பணமும் அனுப்பி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் வரவழைத்தேன். வந்தது ரெண்டங்குலம் குட்டை. திருப்பி எடுக்க மாட்டேன் என்று ஒரு கார்டு வந்தது. அந்தக் கேஸ்கெட் இன்னும் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது, பையன்கள் அதன் ஓட்டையில் ஊதுபத்தி சொருகுகிறார்கள்.

பேட்டரி 6 வோல்ட். பாசிட்டிவ்தான் எர்த், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பின்சக்கர டிரம்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றவே கூடாது. கூம்பு அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கும், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டால்தான் வரும். கை பிரேக் பிடிப்பது சக்கரத்தில் இல்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தனி டிரம்மில். அதைத் தேடி சக்கரத்தைப் பிரித்தவர்கள் உண்டு.

கடைசியாகச் சக்கர போல்ட். ஒரு சக்கரத்துக்கு அஞ்சு. வலதுபக்கச் சக்கரங்களில் வழக்கமான மரை. இடதுபக்கச் சக்கரங்களில் மரை தலைகீழ், நாம் இறுக்குகிற பக்கம் சுற்றினால்தான் கழலும். சக்கரம் ஓடுகிற சுழற்சியில் போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள், 1970 வாக்கில்தான் விட்டார்கள். அப்பா இதை வலம்புரி, இடம்புரி என்பார்.

அவர் அப்படிச் சொல்லிக்கொடுத்தது எனக்கு ஒரு தப்புக்குப் பிறகுதான். 1964 ஆவணியில் ஒரு முகூர்த்தம், சுவாமிமலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சுந்தரபெருமாள்கோவில் தாண்டி இடது முன்சக்கரம் பஞ்சர். மிராசுதார் ஐயா புளியமரத்தடியில் நின்றார். அப்பா ஜாக்கியை வைத்துவிட்டு, கை கழுவ வாய்க்காலுக்கு இறங்கினார். பெரிய மனிதனாகிவிடலாம் என்று நான் வீல் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகினேன். வழியில் நின்ற வாலிபர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ரெண்டு பேரும் ஏறிக் குதித்தோம். படக்கென்று ஒரு போல்ட் முறிந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்து அடுத்ததையும் முறித்தோம்.

அப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை. "இடம்புரிடா" என்று மட்டும் சொல்லி, மிச்சம் மூன்றையும் எதிர்ப்பக்கம் திருப்பி ரெண்டு விரலால் கழற்றிக் காட்டினார். ஸ்டெப்னியை மூன்று போல்ட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போனது. பின்னாலிருந்து ஐயா, என்ன இப்படி ஊர்கிறது என்று கேட்டார்.

"குறுவை கதிர் வாங்கி நிக்குது, ஐயா பாத்துட்டு வரட்டும்னுதான்" என்றார் அப்பா.

ஐயா நிஜமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் மடை உடைந்து தண்ணீர் வீணாகப் போவதைக் கண்டு நிறுத்தச் சொன்னார். அவர் வரப்பில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா குனிந்து மூன்று போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கிக்கொண்டார்.