சர்வீஸுக்கு விட்ட வண்டி சேதமானால் யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மாலையில் எடுக்கப் போனபோது இடது பின்கதவில் ஒடுக்கு, கூடவே ஓர் அடி நீளத்துக்குக் கீறல். ‘வரும்போதே இருந்தது’ என்கிறார்கள். ஜாப் கார்டின் பின்பக்கம் ‘வாகனம் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது’ என்று அச்சடித்திருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக முடியும். சாவியை வாங்கிக்கொண்டு ஜாப் கார்டு போட்ட நிமிடத்திலிருந்து கார் அவர்கள் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு வேலைக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவிலிருந்து பேசுகிறது. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 151-ஆம் பிரிவு. நல்லபடியாக உள்ளே போன வண்டி அடிபட்டு வெளியே வந்தால், ‘நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்’ என்று நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். எந்தத் தூணில் இடித்தது, யார் ஓட்டினார்கள் என்றெல்லாம் நீங்கள் துப்புத் துலக்க வேண்டாம். விடும்போது கதவு நன்றாக இருந்தது என்று காட்டினால் போதும்.

அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1998-ல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில், பார்க்கிங் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன ஒருவரின் மாருதி ஜென் காணாமல் போனது. ஹோட்டல் கொடுத்த சீட்டிலும் ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்றுதான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தன் கவனக்குறைவால் வந்த இழப்பிலிருந்து அந்த வரியைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது, கவனமாக இருந்ததை ஹோட்டலே நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். காசு வாங்கிக்கொண்டு வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்புக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்தும்.

இனி ஆதாரம். ஜாப் கார்டில் காரின் படம் ஒன்று இருக்கும். ஏற்கெனவே இருக்கும் கீறல், ஒடுக்குகளை, வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் அதில் குறிப்பார். உங்கள் கார்டில் இடது பின்கதவில் குறி இல்லை என்றால் அதுவே பெரிய சாட்சி. பல சர்வீஸ் சென்டர்களில் வண்டி உள்ளே வரும்போதே நாலு பக்கமும் படம் எடுக்கிறார்கள், அதைக் கேளுங்கள். கீறலையும் உற்றுப் பாருங்கள். பழைய கீறலுக்குள் அழுக்கும் பாலிஷ் மாவும் படிந்திருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புதிய கீறலின் ஓரத்தில் பெயின்ட் பொடியாக உதிரும், விரல் நகத்தில் நறநறவென்று தட்டும். வேறு வண்டியின் நிறமோ சுவரின் சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அளவு டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, கீறல் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் தெரியும்படி படம் எடுங்கள். ஒர்க்ஷாப்புக்குள் அதே உயரத்தில் ஒரு லிஃப்ட் தூணின் விளிம்போ இரும்பு மேசையோ இருக்கக்கூடும்.

ஒர்க்ஷாப்பின் கண்காணிப்பு கேமரா பதிவு சில நாட்களிலேயே அழிந்து, மேலே புதியது பதிவாகிவிடும். அதனால் அன்றே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ‘இந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்று எழுதிவிடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

டெலிவரி சீட்டில் ‘திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் வெறுமனே கையெழுத்துப் போடக் கூடாது. ‘இடது பின்கதவுச் சேதம் குறித்த ஆட்சேபத்துடன் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்காக சர்வீஸ் பில்லைக் கட்டாமல் சண்டை போடுவதும் சரியல்ல. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 170-ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. பில்லை ஆட்சேபத்துடன் கட்டி, வண்டியை வெளியே எடுத்து, வேறு இரண்டு இடங்களில் டிங்கரிங், பெயின்டிங் எஸ்டிமேட் வாங்குங்கள். கதவை மட்டும் அடித்தால் பக்கத்துப் பாகத்தோடு நிறம் ஒட்டாது என்பதால், பக்கத்துப் பாகத்துக்கும் சேர்த்துப் பெயின்ட் கலந்தடிக்கும் செலவை அதில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயில் மாற்றி வந்த மூன்றாம் நாள், நெடுஞ்சாலையில் இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கீழே ஆயில் வடிக்கும் துளையை அடைக்கும் டிரெயின் போல்ட்டையே காணோம். ‘கல் அடித்திருக்கும்’ என்கிறார் மெக்கானிக். இன்ஜினைத் தானே பிரித்துப் பார்ப்பதாகவும் சொல்கிறார். விடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: விடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் சாட்சி அந்த இன்ஜின்தான். பிரித்துக் கழுவிவிட்டால் சாட்சியும் போச்சு. கார் இப்போது இருக்கிற நிலையிலேயே, வேறொரு ஒர்க்ஷாப்புக்கு டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

கல் அடித்ததா, போல்ட் தானாகக் கழன்றதா என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைப் பார்த்தாலே தெரியும். கல் அடித்தால் தகடு நசுங்கும், அல்லது அலுமினியம் விரிசல் விடும். போல்ட் தலை ஒருபக்கமாகத் தேய்ந்தோ ஒடிந்தோ, மரையோடு பாதி உள்ளேயே நிற்கும். முழு போல்ட்டும் போய், துளையின் மரை சுத்தமாக இருந்தால் முறுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மரை பிய்ந்து வந்திருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் இந்த போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் நீளமான ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும். பழைய வாஷரையே திரும்பப் போட்டாலும் கசிவு வரும், ஆனால் அது சொட்டுச் சொட்டாக வரும். மூன்று நாளில் முழு ஆயிலும் காலியாகாது. காரின் அடிப்பகுதியில் சம்ப்பிலிருந்து பின்பக்கம் வரை ஆயில் தெறித்த தடத்தையும் படம் எடுங்கள். மீதி ஆயிலை வடித்து எவ்வளவு என்று அளந்து, அங்கிருக்கும் மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒன்றை அவர்கள் கேட்பார்கள்: ‘சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததே, ஏன் நிறுத்தவில்லை?’ நியாயமான கேள்விதான். எரிந்த பிறகும் ஓட்டியிருந்தால் இழப்பீடு குறையலாம். ஆனால் அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்போதுதான் எரியும். நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குப் பிறகு பேரிங் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டியிருந்தால் அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

புதிய மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கும் நாளைக் குறித்து, பழைய ஒர்க்ஷாப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், வந்து பார்க்கட்டும். அவர்கள் வராவிட்டாலும், கூப்பிட்டீர்கள் என்பது பதிவாகும். வழக்கு என்று வந்தால் நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்யும்படி நுகர்வோர் ஆணையத்திடம் மனு போடலாம்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் போன ஒர்க்ஷாப் பையன் என் காரால் ஒருவரை இடித்துவிட்டான். வண்டி என் பெயரில் இருக்கிறது. இழப்பீடு நான் தர வேண்டுமா?
– வேலூர் வாசகி

பதில்: உங்கள் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால், அடிபட்டவருக்கான இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டும். ரிப்பேருக்கு விட்ட வண்டியை மெக்கானிக்கின் ஆள் ஓட்டி விபத்து நடந்தாலும் நிறுவனம் விலக முடியாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஓட்டியது நீங்கள் இல்லை, அதனால் விபத்துக்கான குற்ற வழக்கு ஓட்டியவர் மேல்தான். ஆனால் ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி உங்களுக்கு உண்டு. ஜாப் கார்டின் நகலைக் கொடுத்து, வண்டி எந்தத் தேதியிலிருந்து யார் வசம் இருந்தது என்று எழுதிக் கொடுங்கள்.

சிக்கல் வருவது ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாதபோது. அப்போது நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்க அனுமதி கேட்கும். வேலை தெரிந்த ஒர்க்ஷாப்பை நம்பி ஒப்படைத்தேன், அந்தப் பையனிடம் நான் சாவி கொடுக்கவில்லை என்பதுதான் உங்கள் வாதம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடாமல் வக்கீல் வைத்து ஆஜராகி, ஒர்க்ஷாப் உரிமையாளரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். தாங்கள் கையாளும் வண்டிகளுக்கென்றே ஒர்க்ஷாப்கள் எடுக்கும் மோட்டார் டிரேடு பாலிசி தனியாக இருக்கிறது. அவர்களிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

உங்கள் காருக்கு ஏற்பட்ட சேதம் வேறு கணக்கு. அது ஒர்க்ஷாப்பின் பொறுப்பு. அந்தப் பையன் டெஸ்ட் டிரைவ் என்று சொல்லிச் சொந்த வேலைக்குப் போயிருந்தால் விஷயம் இன்னும் கடுமையாகும். அனுமதி இல்லாத உபயோகத்தில் நேர்ந்த சேதத்துக்கு, கவனமாக ஓட்டினானா இல்லையா என்ற பேச்சே இல்லாமல், ஒப்பந்தச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு முழுப் பொறுப்பையும் அவர்கள் மேல் வைக்கிறது. விடும்போது ஓடோமீட்டர் எண் ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: மழை வெள்ளத்தில் ஒர்க்ஷாப்பே மூழ்கி, உள்ளே இருந்த என் காரும் மூழ்கியது. ‘இயற்கைச் சீற்றம், நாங்கள் என்ன செய்வது’ என்கிறார்கள்.
– பள்ளிக்கரணை வாசகர்

பதில்: உரிய கவனம் எடுத்தும் சேதம் வந்தால் பொறுப்பில்லை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு. அந்தக் கவனத்தை எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற பகுதியில் கடை வைத்திருப்பவர் ‘எதிர்பார்க்கவில்லை’ என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்த பிறகும் மேடான இடத்துக்கு நகர்த்தாமல், உங்களைக் கூப்பிட்டும் சொல்லாமல் இருந்தால் அது கவனக்குறைவுதான். சக்கரம் கழற்றி ஜாக்கியில் நின்ற வண்டியை ஓரிரு மணி நேரத்தில் நகர்த்த முடியாது என்றால், அதை ஆணையம் ஏற்கக்கூடும்.

தண்ணீர் வடிந்ததும் யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி போட வேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டிய பாலபாடம். அதைச் செய்யாமல் ராடு வளைந்தால், அந்தச் சேதத்தை வெள்ளத்தின் கணக்கில் எழுத முடியாது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில், இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணமும் வராது.

மற்ற சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். கிளெயிம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் நோ கிளெயிம் போனஸ், அதாவது கிளெயிம் வாங்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். உச்சத்தில் அது 50 சதவீதம். தவறு ஒர்க்ஷாப்புடையது என்றால் அந்த இழப்பையும், கிளெயிமில் உங்கள் கையிலிருந்து போன தொகையையும் அவர்களிடம் கேட்கலாம்.

கேள்வி: ஸ்டெப்னி டயரை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. விடும்முன் ஐந்து டயர்களின் எண்களையும், பேட்டரியின் வரிசை எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே எடுக்கவில்லை என்றால் பழைய டயர் பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: தெருமுனை மெக்கானிக்கிடம் பில் கிடையாது. அவர் மேல் புகார் கொடுக்க முடியுமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: முடியும். யுபிஐயில் பணம் அனுப்பிய விவரமும், ‘வண்டி ரெடி’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் போதுமான தொடக்கம். தவறு செய்தது உதவியாள் என்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். முதலில் சேத விவரம், தொகை, 15 நாள் கெடு மூன்றையும் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். நடக்கவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக் கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த பணத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அது 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்ஸி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். பல வண்டிகளை வைத்து லாபத்துக்கு ஓட்டும் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். சேதம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். ‘பார்த்துச் செய்து தருகிறேன்’ என்று அவர் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.