தெருமுனை வரை

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அண்ணனும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. உலக முடிவில் வரும் உபத்திரவ காலத்துக்கு முன்பே இயேசு இரகசியமாக வருவார், அந்த இரகசிய வருகையில் சபை, அதாவது விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று அவர் போகும் சபையில் போதிக்கிறார்கள். வருஷம்கூடக் கணித்து வைத்திருக்கிறார். கிறிஸ்து பூமியில் ஆளுவார் என்கிற ஆயிர வருஷ அரசாட்சியே உருவகம்தான் என்பது என் எண்ணம். ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் இது பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து என் ஏழு வயது மகள் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. யார் சொல்வது சரி?

ஜெ., கொளத்தூர்

அன்புள்ள ஜெ.,

மகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. போன வாரம் ஓட்டேரிப் பக்கம் ஒரு சுவரில் 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று பார்த்ததிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயது. பெரம்பூரில் குடியிருந்தோம். பள்ளி விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். முந்தின வாரம்தான் கன்வென்ஷனில் ஊழியக்காரர் 'ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்' என்று மைக்கில் முழங்கியிருந்தார். பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. சரி, எல்லோரும் போய்விட்டார்கள், நான்தான் கைவிடப்பட்டவள். தெருமுனையில் தண்ணீர் லாரி வந்திருந்தது, தெருவே அங்கே குடத்தோடு நின்றது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அம்மா இரண்டு குடத்தோடு வந்தபோது நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது போனை எடுக்காவிட்டால் எனக்கு வயிறு பிசையும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆயிரம் வருஷத்தை இரண்டாம் நூற்றாண்டில் இரெனேயு அப்படியே நேர்ப்பொருளில் நம்பினார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் அது சபையின் காலம் என்றார். இருவருமே சபைப் பிதாக்கள், ஆதிச் சபையின் பெரிய போதகர்கள். உபத்திரவத்துக்கு முன்பு தனியாக ஒரு வருகை என்பதை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி; 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை இன்னும் பலரிடம் கொண்டுபோயின. இதை வைத்து அண்ணனை மடக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பிந்தி வந்தது என்பதால் மட்டும் ஒரு போதனை தப்பாகிவிடாது. வருஷக் கணக்கை விடுங்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் விடிந்தது.

சபை எடுத்துக்கொள்ளப்படும் என்கிற வசனம் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதின நிருபத்தில் இருக்கிறது. அதை அவர் ஏன் எழுதினார் என்பதை நீங்கள் இருவருமே மறந்துவிட்டீர்கள். அங்கே சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கர்த்தர் வருமுன் இறந்தவர்களின் கதி என்ன என்று மிச்சமிருந்தவர்கள் கலங்கினார்கள். துக்க வீட்டுக்கு எழுதின வரிகள் அவை. அதில் 'கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக' என்று வருகிறதல்லவா, கிரேக்கத்தில் அது 'அபாந்தேசிஸ்'. பத்துக் கன்னிகைகள் மணவாளனுக்கு எதிர்கொண்டு போகும் இடத்திலும் அதே சொல். ரோமாபுரிச் சகோதரர்கள் வழியிலேயே வந்து பவுலை எதிர்கொள்ளும் அப்போஸ்தலர் 28இலும் அதே சொல். வந்தவர்கள் அவரை ரோமாபுரிக்குத்தான் அழைத்துப் போனார்கள். நம் மாப்பிள்ளை அழைப்பை நினைத்துப் பாருங்கள். மேளத்தோடு தெருமுனை வரை போகிறவர்கள் அப்படியே மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விடுவதில்லை, அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வேறு மாதிரி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்பது அந்த மேளம்தான். அடுத்த வசனமே 'இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்' என்கிறது.

தேற்றச் சொன்ன வார்த்தையை வைத்து ஒரு பிள்ளையை நடுங்க வைத்திருக்கிறீர்கள். அண்ணனை மட்டும் சொல்லவில்லை, உங்களையும்தான். அவள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்க, அவள் தலைக்கு மேல் வசனத்தை வீசிக்கொண்டீர்களே, வெட்கமாக இல்லையா? முன்பா பின்பா என்பதெல்லாம் அவளுக்கு எட்டியிருக்காது. ஒருநாள் பெரியப்பா இருக்கமாட்டார், அப்பா இருக்கமாட்டார் என்பது மட்டும் எட்டியிருக்கும். அதன்படியே பெரியப்பா ஆறு மாதமாக வரவும் இல்லை.

விளக்கு எரியட்டும், அணைக்கச் சொல்லி அதட்டாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் வரும் நேரத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா