அடிக்கடி செல்ஃபி எடுப்பது தற்பெருமையா?

அடிக்கடி செல்ஃபி எடுப்பதை வீட்டில் தற்பெருமை என்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கல்லூரி வயதில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: சரியில்லை. ஓவிய ஆசிரியையான என்மீதும் இதே பழி வேறு வடிவில் விழுந்ததால்தான் பதில் எழுத வந்தேன்.

எட்டாம் வகுப்பு மாணவியரிடம் கைக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, அவரவர் முகத்தை வரையச் செய்தேன். "பிள்ளைகளைக் கண்ணாடி பார்க்கவிட்டுக் கெடுக்கிறீர்களே டீச்சர்" என்று சக ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். வகுப்பில் நடந்ததை அவர் பார்த்திருக்கவில்லை. 'தோல் கலர்' என்று சிறுவயது முதல் பழகிவிட்ட அந்த வெளிறிய கிரேயானைத்தான் பெரும்பாலான பிள்ளைகள் கையில் எடுத்தார்கள். அந்த நிறத்தில் அவர்களுள் ஒருத்திகூட இல்லை. கையைத் தாளின்மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்ன பிறகே, பழுப்போடு மஞ்சளும் துளி நீலமும் கலந்து தங்கள் நிறத்தைத் தாங்களே கண்டெடுத்தார்கள். நெற்றித் தழும்பை வரையலாமா என்று தயங்கிக் கேட்ட ஒரு மாணவி, மற்ற எதையும்விட அதைத்தான் கவனமாக வரைந்தாள். இதில் தற்பெருமை எங்கே வந்தது?

பெரிய ஓவியர்களும் தம் முகத்தைத் தாமே வரைந்திருக்கிறார்கள். அவர்களையும் செல்ஃபியையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சிலர் சினம் கொள்ளலாம். தரத்தை நான் ஒப்பிடவில்லை. அவர்கள் தம் முகத்தை வரைந்த காரணத்தை மட்டுமே சொல்கிறேன். மாடல் கிடைக்காததால் தன்னையே வரைவதற்காக நல்ல கண்ணாடி ஒன்று வாங்கியதாக, 1888இல் தம்பி தியோவுக்கு வான்கோ எழுதினார். 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிந்து படுத்திருந்த ஃப்ரீடா காலோ, கட்டிலின் மேற்புறத்தில் பொருத்திய கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைந்தார். ரெம்பிராண்டோ, தாம் இறந்த 1669ஆம் ஆண்டில் வரைந்த முகத்தில் தளர்ந்த கன்னத்தையும் சுருக்கங்களையும் மறைக்கவே இல்லை.

என் கோபமெல்லாம், முகத்தை வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் பியூட்டி ஃபில்டர் மீதுதான். பல கைபேசிகளில் அது நாம் கேட்காமலேயே இயங்குகிறது. முதலில் அதை நிறுத்திவிடுங்கள். கைநீட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதை உங்கள் முகத்தின் குறை என்று எண்ணி வருந்த வேண்டாம். கைபேசியை எங்காவது சாய்த்து வைத்து, நான்கைந்து அடி தள்ளி நின்று, டைமர் போட்டு எடுத்துப் பாருங்கள்.